துண்டுத் தீர்ப்பு

ஆஸ்பத்திரிகளின் அழுக்குத் துணியெல்லாம் வந்து சேரும் அந்தச் சலவை ஆலையில் அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவன் கமெண்டரி. ஈரப் படுக்கை விரிப்புகளைச் சுருக்கம் எடுத்து, சூடான இஸ்திரி உருளைக்குள் விடுவது அவன் வேலை. கை அது பாட்டுக்கு நீவிக்கொண்டிருக்கும். வாய் அது பாட்டுக்குக் கூடைப்பந்து பேசிக்கொண்டிருக்கும்.

வாழ்நாளில் அவன் ஒரு பந்தைக்கூட வளையத்துக்குள் போட்டதில்லை. துணி வண்டிக்குப் பின்னால் போய் நின்றால் ஆள் இருப்பதே தெரியாது. ஆனால் டிவியில் ஆடும் ஏழடி ஆட்டக்காரர்களை எல்லாம், தான் வைத்த பட்டப்பெயரைச் சொல்லி, வரிசையாக நிற்கவைத்துக் கேள்வி கேட்பான்.

"மலை நல்லவன்தான், நான் இல்லைன்னு சொல்லலை. வளையத்துக்குக் கீழே அவன் நின்னா யாரும் கிட்டப் போக முடியாது. ஆனா ஃப்ரீ த்ரோ போடச் சொல்லிப் பாரு. யாரும் தடுக்கப்போறதில்லை, தனியா நின்னு போடணும், அவ்வளவுதான். கை உதறும். அவனைப் போய் முதல் அஞ்சு பேர்ல எப்படி வைக்கிறது?"

"அப்ப ராஜா?" என்பான் நெட்டை. உருளையின் மறுபக்கத்தில் வெந்து வரும் விரிப்பை வாங்குகிறவன்.

"ராஜாவுக்குக் கோப்பை எங்கே? கோப்பை இல்லாத ராஜா, பொண்ணு கிடைக்காத மாப்பிள்ளை. சட்டை மட்டும் புதுசா போட்டுக்கிட்டுத் திரிய வேண்டியதுதான்."

ஓய்வறைச் சுவரில் ஒரு டிவி இருந்தது. உலகத்தின் வேறு மூலையில் நடக்கும் ஆட்டங்கள் காலைத் தேநீர் நேரத்துக்குச் சரியாக ஓடும். டிவியின் சத்தம் செத்து நெடுநாள் ஆகிறது. யாரும் ரிப்பேருக்குக் கொடுக்கவில்லை. அவன் இருக்கும்போது அது எதற்கு என்று விட்டுவிட்டார்கள். அவனுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஆட்டத்தைவிட அவனுக்குப் பிடித்தது ஆட்டக்காரர்களின் பெயர்தான். யாருக்கு என்ன பெயர் இருக்கிறது, அது எப்படி வந்தது, அதற்கு அவன் லாயக்கா. "ஆட்டம் வேற, பேர் வேற" என்பான். "ஆட்டம் முழு நேரமும் நடக்குது. பேர் கடைசி ரெண்டு நிமிஷத்துல வந்துடுது. ஒருதடவை ஒட்டிக்கிச்சுன்னா அப்புறம் எத்தனை கூடை போட்டாலும் உரிச்சு எடுக்க முடியாது."

துண்டு விஷயமும் அந்த ஓய்வறையில்தான் பிறந்தது. திரையில் யாராவது தள்ளப்பட்டு விழுந்தால், நிஜமாகவே அடிபட்டானா, ஃபவுல் வாங்குவதற்காக நடிக்கிறானா என்று சண்டை வரும். ஒரு நாள் கமெண்டரி பெஞ்சு மேல் ஏறி நின்று, "தீர்ப்பு!" என்று கத்தினான். "நடிப்புன்னு நினைக்கிறவங்க துண்டைத் தூக்குங்க." எல்லோர் கழுத்திலும் வேர்வைத் துண்டு உண்டு. பத்துப் பன்னிரண்டு துண்டுகள் மேலே போயின. நெட்டை இரண்டு விரலை வாயில் வைத்து நடுவர் மாதிரி விசில் அடித்தான். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது.

பிறகு அது ஓய்வறையை விட்டு வெளியே வந்தது. யாராவது உருளையில் விரல் சுட்டுக்கொண்டு "ஐயோ" என்றால் போதும், எங்கிருந்தாவது விசில் வரும். "தீர்ப்பு!" துண்டுகள் மேலே போகும். சுட்டுக்கொண்டவளும் சிரித்துவிட்டு, விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே வேலைக்குத் திரும்புவாள். சூப்பர்வைசருக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. துண்டுக்குப் பயந்தே ஆட்கள் லீவு கேட்பதைக் குறைத்துக்கொண்டார்கள்.

கண்ணாடி என்று ஓர் ஆட்டக்காரன் இருந்தான். அந்தப் பெயரும் கமெண்டரி வைத்ததுதான். எங்கிருந்து எறிந்தாலும் பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே இறங்கும். அப்படி ஒரு கை அந்தத் தலைமுறையில் யாருக்கும் கிடையாது என்று கமெண்டரியே ஒப்புக்கொள்வான். ஆனால் முக்கியமான ஆட்டம் வந்தால் அவனுக்கு எங்காவது வலிக்கும். கோட்டு போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்.

"தொட்டா உடைஞ்சிடுவான், அலமாரியில வைக்க வேண்டியவன்" என்பான் கமெண்டரி. "வலி யாருக்குத்தான் இல்லை? பெரிய ஆளுன்னா வலியோட ஆடணும்."

கமெண்டரியின் தங்கை கணவரும் அங்கேதான் வேலை பார்த்தார். கமெண்டரி சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை நல்ல உயரம், அகலமான தோள், அதிகம் பேசாதவர். அவரை ஈரப் பக்கத்தில் போட்டார்கள். சலவை டிரம் நின்றதும், தண்ணீர் குடித்துக் கனத்துப்போன துணியைப் பாதி உடம்பை உள்ளே விட்டு இழுத்து, வண்டியில் நிரப்பி, உலர்த்தும் எந்திரம் வரை தள்ளிக்கொண்டு போகவேண்டும். இடுப்பு பிடித்துக்கொள்ளாதவர்கள் அந்தப் பக்கம் யாரும் இல்லை.

கோப்பைக்கான கடைசி ஆட்டத்தில் முதுகு வலி என்று கண்ணாடி உட்கார்ந்துவிட்ட அதே வாரம், மாப்பிள்ளையும் முதுகு வலி என்று லீவு போட்டார். திரும்பி வந்த அன்று அவர் ஓய்வறைக்குள் நுழைந்ததும் கமெண்டரியின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"வழி விடுங்கப்பா, வழி விடுங்க. எங்க வீட்டுக்கும் ஒரு கண்ணாடி வந்திருக்கு. பத்திரமா இறக்குங்க!"

அறையே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். அன்றைக்கு அத்தோடு முடிந்தது என்றுதான் கமெண்டரி நினைத்தான். மறுநாள் வண்டி ஓட்டுகிறவன் கூப்பிட்டான், "கண்ணாடி அண்ணே, இதையும் ஏத்துங்க." அடுத்த வாரம் சூப்பர்வைசரே கூப்பிட்டார். மாப்பிள்ளை அதன்பிறகு லீவே போடவில்லை. மற்றவர்கள் இருவராகத் தள்ளும் வண்டியை அவர் ஒருவராகத் தள்ளினார்.

ஒரு நாள் அவர் ஒரு காலில் செருப்பு இல்லை என்று முதலில் பார்த்தவன் நெட்டை. ஈரப் பக்கத்தில் எல்லோரும் ரப்பர் செருப்புதான் போடுவார்கள். தரை எப்போதும் சோப்பு நீரில் மினுமினுக்கும். மாப்பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு உருளைப் பக்கம் வரை வந்துவிட்டார். வலது செருப்பு டிரம் பக்கத்திலேயே தனியாகக் கிடந்தது.

"கண்ணாடி, செருப்பு எங்கப்பா?"

மாப்பிள்ளை குனிந்து காலைப் பார்த்தார். யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"கழண்டது தெரியலை" என்றார். பிறகு கமெண்டரியைத் தேடித் திரும்பினார். "மச்சான், இந்தக் கால் மரத்துப்போச்சு. ரெண்டு நாளா இப்படித்தான். இன்னைக்கு சுத்தமா எதுவுமே தெரியலை."

எந்திரச் சத்தத்தில் அவர் கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் எல்லோருக்கும் கேட்டது. விசில் வந்தது.

கமெண்டரிக்கு ஒரு கணம் ஏதோ சரியில்லை என்று பட்டது. மாப்பிள்ளையின் முகம் வெளுத்திருந்தது. உதட்டுக்கு மேல் வேர்வை இருந்தது. ஆனால் அங்கே எல்லோருக்குமே வேர்வைதான். அதோடு, எல்லோரும் அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கடைசி நிமிஷம்! பந்து கண்ணாடி கையில!" என்று ஆரம்பித்தான். "ஆனா ஷூவைக் காணோம்! கால் இருக்கா இல்லையான்னு அவருக்கே சந்தேகம்! பயிற்சியாளர் ஓடி வர்றார், டாக்டர் ஓடி வர்றார், பொண்டாட்டியோட அண்ணனும் ஓடி வர்றான்... தீர்ப்பு!"

துண்டுகள் மேலே போயின. நெட்டையின் துண்டு, மடிக்கும் மேசைப் பெண்களின் துண்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே தூக்கிய கைக்குட்டை. கமெண்டரியின் துண்டும் போனது. தூக்குகிறோம் என்ற நினைப்புகூட இல்லாமல் போனது.

மாப்பிள்ளை எல்லாத் துண்டையும் ஒருமுறை பார்த்தார். கடைசியாக மச்சான் துண்டைப் பார்த்தார். திரும்பிப் போய், கையால் காலைப் பிடித்துச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டார். வண்டியைத் தள்ளினார்.

மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்னால் அவர் உலர்த்தும் எந்திரத்தின் முன்னால் மடங்கி விழுந்தார். தூக்கப் போனவர்கள் அவர் பேன்ட் நனைந்திருந்ததைத் தரையின் ஈரம் என்று நினைத்தார்கள். அது தரையின் ஈரம் இல்லை.

அறுவை சிகிச்சை முடிந்து வெளியே வந்த டாக்டர் இளம்பெண். நின்றுகொண்டே சொன்னாள். முதுகெலும்பின் நடுவே இருக்கும் டிஸ்க் என்கிற தட்டு ஒன்று பிதுங்கி, கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகும் நரம்புக் கொத்தை நசுக்கியிருக்கிறது. அதை எடுத்தாகிவிட்டது, இனிமேல் நசுக்காது. ஆனால் நசுங்கிய நரம்பு பழையபடி ஆகுமா என்று சொல்ல முடியாது.

"கால் மரத்துப்போனதுமே கூட்டிட்டு வந்திருக்கணும்" என்றாள். "இதுல எல்லாம் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. அவர் யார்கிட்டயும் சொல்லலையா?"

டாக்டர் போனபிறகு தங்கை அதே கேள்வியை அண்ணனிடம் கேட்டாள்.

"சொன்னார்" என்றான்.

"யார்கிட்ட?"

"எங்க எல்லார்கிட்டயும்."

"நீ என்ன பண்ணின?"

அவன் வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தான். கழுத்தில் துண்டு இருந்தது. அதை உருவிச் சுருட்டிப் பைக்குள் திணித்தான். தங்கைக்கு அந்தத் தீர்ப்பு விளையாட்டு தெரியும். முன்பெல்லாம் சாப்பிடும்போது அவனே அதைச் சொல்லிச் சொல்லி அவளைச் சிரிக்கவைத்திருக்கிறான்.

அவள் அழவில்லை. "நீ தூக்கினியா?" என்று மட்டும் கேட்டாள். அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

மாப்பிள்ளை வீடு திரும்பியபோது வலது பாதம் தொங்கியது. தரையை உரசாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் தாங்கி கட்டியிருந்தார்கள். சிறுநீர் குழாய் வழியாக ஒரு பைக்கு வந்தது. அந்தப் பையை வெளியே தெரியாமல் மறைக்கத் தங்கை பழைய தலையணை உறையில் ஓர் உறை தைத்தாள்.

ஆலையில் விசாரணை வைத்தார்கள். அங்கே விதி இதுதான். வேலையால் வந்த உபாதை, அதை வேலை நேரத்தில் சொல்லியும் இருக்கிறார் என்றால், ஆலை அவரைக் கைவிடக்கூடாது. கிழிசல் தைக்கும் அறையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுக்கவேண்டும். சொல்லவே இல்லை என்றால் அது தானாக வந்த நோய். வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

"ஒரே ஒரு வாக்கியம், அண்ணா" என்றாள் தங்கை. "கால் மரத்துப்போச்சுன்னு அவர் சொன்னார், நாங்க கேட்டோம். அதைச் சொல்லு. வேற எந்த வியாக்கியானமும் வேண்டாம்."

சூப்பர்வைசர் அவனைத் துணிக் கிடங்குக்குப் பின்னால் கூப்பிட்டார். "உன் வாய் ஓயாதுன்னு ஊருக்கே தெரியும். ஒரே ஒரு நாள் ஓய்வு கொடு. நல்லா இருப்பே" என்றார்.

நெட்டை நேராகவே சொன்னான். "நீயும்தான் தூக்கின. நாங்களும்தான் தூக்கினோம். இப்ப நீ மட்டும் நல்லவனா ஆகப் பாக்காதே."

"நான் நல்லவன் ஆகப் பாக்கலைடா. அவருக்கு ஒரு நாற்காலி வேணும். உக்காந்து தைக்கிற நாற்காலி. அவ்வளவுதான்."

"அவர் சொன்னப்ப நாங்க விளையாட்டுன்னு நினைச்சோம். இப்ப எங்களைக் கேட்டா, அவர் சொன்ன மாதிரியே தெரியலைன்னு சொல்லுவோம்."

விசாரணை ஓய்வறையில் நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அம்மாள் டிவிக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்தாள். கண்டிப்பானவள்தான், ஆனால் முகத்தில் அக்கறை இருந்தது. ஷிஃப்ட் ஆட்கள் பின்சுவரை ஒட்டி நின்றார்கள். மாப்பிள்ளை முன்னால் நாற்காலியில் இருந்தார். சட்டை தேய்த்துப் போட்டிருந்தார். தங்கை தைத்த உறையைக் காலுக்குப் பின்னால் நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கமெண்டரி எழுந்தான். பேசத் தெரியாதவன்போல நின்றான்.

"கால் மரத்துப்போச்சுன்னு சொன்னாருங்க. ரெண்டு நாளா இருக்குன்னும் சொன்னார். செருப்பு கழண்டதுகூடத் தெரியலைன்னார். எல்லாருக்கும் கேட்டுச்சு."

"கேட்டும் ஏன் யாரும் எதுவும் செய்யலை?"

"தீர்ப்பு சொன்னோம்."

"தீர்ப்புன்னா?"

அவன் விளக்கினான். விசில், துண்டு, கண்ணாடி என்கிற ஆட்டக்காரன், அவன் முதுகு வலி. சொல்லச் சொல்ல அவனுக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. மலை பற்றியும் ராஜா பற்றியும் இதே அறையில் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறான். ஒரு வார்த்தைகூடத் தடுக்கியதில்லை.

சூப்பர்வைசர் குறுக்கிட்டார். "அம்மா, இவனை எல்லாரும் கமெண்டரின்னுதான் கூப்பிடுவாங்க. காலையில இருந்து சாயந்திரம் வரைக்கும் இட்டுக்கட்டிப் பேசறதுதான் இவன் தொழிலே. போதாக்குறைக்கு இவர் இவனோட தங்கச்சி புருஷன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அவர் சொல்றது இருக்கட்டும்" என்று மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். "நீங்கதான் இங்க முக்கியம். நீங்க சொல்லுங்க. விழறதுக்கு முன்னாடி, கால் மரத்துப்போச்சுன்னு நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

கமெண்டரிக்கு மூச்சு வந்தது. இனி அவனுடைய வாய் தேவையில்லை. ஓர் 'ஆமாம்' போதும். கதவோரம் நின்ற தங்கை இரண்டு கையையும் கோத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

அப்போது பின்சுவர்ப் பக்கமிருந்து அது வந்தது. விசில்கூட இல்லை; உதட்டைக் குவித்து மெல்ல விட்ட காற்று. வேண்டுமென்றே செய்தார்களா, பழக்க தோஷமா என்று கமெண்டரிக்குக் கடைசி வரை தெரியவில்லை. அந்த அம்மாள் அதைக் கவனிக்கவே இல்லை. ஆனால் மாப்பிள்ளையின் தோள் இறுகியது. திரும்பிப் பார்க்காமலே, தன் பின்னால் எத்தனை கழுத்துகளில் துண்டு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

"இல்லை" என்றார்.

"சொல்லலையா?"

"எனக்கு எந்த வலியும் இல்லை. கால் எதுவும் மரத்துப்போகலை. நல்லாத்தான் வேலை செஞ்சேன். அன்னைக்குத் தரை வழுக்கிச்சு, விழுந்துட்டேன். நான் கண்ணாடி இல்லை."

"மாப்பிள்ளை!" என்றான் கமெண்டரி.

"உக்காருங்க மச்சான்" என்றார் அவர். குரல் உயரவில்லை.

அந்த அம்மாள் மறுபடியும் ஒருமுறை கேட்டாள். யோசித்துச் சொல்லச் சொன்னாள். அவர் அதே பதிலைச் சொன்னார், இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து. பிறகு கேட்க ஒன்றும் இருக்கவில்லை. வழுக்கி விழுந்தால் நரம்பு இப்படி நசுங்காது என்று ஆலை டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். தானாக வந்த நோய் என்று அந்த அம்மாள் எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகும் வண்டியில் தங்கை வெடித்தாள். "ஏங்க? ஏன் அப்படிச் சொன்னீங்க? ஒரு வார்த்தைங்க! ஒரே ஒரு வார்த்தை!"

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "அத்தனை பேர் முன்னாடி மறுபடியும் அதை என்னால சொல்ல முடியாது" என்றார். "மறுபடியும் தூக்கிடுவாங்க."

முன் இருக்கையில் இருந்த கமெண்டரி, டிரைவரின் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தான். அதில் கோபம்கூட இல்லை.

வேலை போயிற்று. தங்கை ஒரு தையற்கடையில் சேர்ந்தாள். அவள் வெளியே போகும் நாட்களில் கமெண்டரி ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்து மாப்பிள்ளையோடு இருந்தான். பையை மாற்றக் கற்றுக்கொண்டான். தங்கை வரும்போது அவனிடம் பேசமாட்டாள். தண்ணீர் மட்டும் வைத்துவிட்டுப் போவாள். ஆலையில் அவன் வாயைத் திறப்பதில்லை. ஓய்வறை டிவியை ஒரு வழியாக ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு நாள் காலை மாப்பிள்ளை தாமாகவே ரிமோட்டை எடுத்தார். கண்ணாடி நெடுநாள் கழித்து ஆடவருகிறான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த ஆட்டம். சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுத்தான் பார்த்தார். கமெண்டரி கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

கண்ணாடி நன்றாகத்தான் ஆடினான். பந்து வளையத்தைத் தொடாமல் இறங்கியது, மறுபடியும் இறங்கியது. பிறகு ஒரு தடவை, பக்கத்தில் ஒருவரும் இல்லாதபோது, குதிப்பதற்காகக் காலை ஊன்றியவன் அப்படியே சரிந்தான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் புரண்டான். வாய் அகலத் திறந்திருந்தது. சத்தமில்லாத திரையில் அந்த வாய் மூடவே இல்லை. அரங்கம் முழுக்க எழுந்து நின்றது. மலையும் ராஜாவும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள். ஸ்ட்ரெச்சர் வந்தது.

அது நிஜமான வலி. கமெண்டரிக்கு அதில் துளிச் சந்தேகமும் இல்லை. எத்தனை பேர் விழுந்ததை அவன் பார்த்திருக்கிறான். அந்தக் கால் இனிமேல் பழைய கால் இல்லை.

"என்ன மச்சான்" என்றார் மாப்பிள்ளை, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "தீர்ப்பு சொல்லலையா?"

"அடிபட்டிருக்கு மாப்பிள்ளை. பாவம்."

மாப்பிள்ளை சிரித்தார். விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்து அவன் பார்த்ததில்லை. கட்டில் ஓரத்தில், அவர் உடம்பு துடைக்கத் தங்கை மடித்து வைத்திருந்த துண்டு இருந்தது. அதை எடுத்தார். நல்ல பலமுள்ள கை, அது மட்டும் அப்படியே இருந்தது. துண்டைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார்.

"நடிக்கிறான்" என்றார்.

திரையில் ஸ்ட்ரெச்சர் போய்விட்டது. தரையில் சிந்திய வேர்வையை ஒருவன் துடைத்துக்கொண்டிருந்தான். கமெண்டரி இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்திருந்தான். மாப்பிள்ளை துண்டை இறக்கவில்லை. அதைப் பிடித்தபடியே அவன் பக்கம் திரும்பி, அவன் கையும் மேலே வரட்டும் என்று காத்திருந்தார்.